பிள்ளை கையில் கொடுக்கும் நாள்

சம்பள நாளன்று இசக்கியப்பன் மண்ணெண்ணெயில் கை கழுவுவான். பழைய துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன் கைக்கு வேறு எதைப் போட்டாலும் கிரீஸ் போகாது. அதற்குப் பிறகு துணி சோப்பு. அதற்கும் பிறகு, கடையில் வாங்கித் துண்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் வாசனை சோப்பு. குழாயடியில் காத்து நிற்கிறவர்கள் அலுத்துப்போய், "என்னலே, மாப்பிள்ளை அழைப்புக்கா போற?" என்று கேட்பார்கள். அவன் பதில் சொல்ல மாட்டான். பதில் சொல்லாமல் இருப்பதில் அவனை அடித்துக்கொள்ள தூத்துக்குடியில் ஆள் கிடையாது.

அன்றைக்கு அவன் தன் மகள் கையில் பணம் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பாடு.

அவன் மனைவி சீனித்தாய் பிரிந்து போய் முத்தையாபுரத்தில் அண்ணன் வீட்டோடு இருந்தாள். ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டபோது, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா. நான் உப்பளத்துக்குப் போயி பொழச்சுக்கிடுவேன். பிள்ளைக்கு மட்டும் குடுக்கச் சொல்லுங்க" என்று மாஜிஸ்டிரேட் முன்னால் நின்று சொன்னவள் அவள். மகள் செல்லத்தாய்க்காக மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பைக் கோர்ட் துறைமுக ஆபீஸ் தலையில் வைத்தது. பிடிக்கச் சொன்னதே தவிர, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் ஹெட் கிளார்க் தனராஜ் தம் சொந்தச் சட்டத்தைப் போட்டுவிட்டார்.

தனராஜ் நாசரேத்துக்காரர். கண்டிப்பான மனுஷன். அவர் முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரு பெண் தன் பிள்ளைக்கென்று நெடுநாள் பணம் வாங்கிக்கொண்டிருந்தாளாம். பிள்ளை எப்போதோ காய்ச்சலில் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்ததாம். அது அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதனால் அவர் வைத்த சட்டம் இது: பிள்ளை நேரில் வர வேண்டும். தகப்பன் தன் கையால் எடுத்துப் பிள்ளை கையில் வைக்க வேண்டும். தாய் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். எந்த அரசாங்கப் புத்தகத்திலும் இப்படி ஒரு விதி இல்லை. இருந்தாலும் தனராஜிடம் போய் அதைச் சொல்லத் துணிச்சல் உள்ளவர் யாரும் அந்த ஆபீசில் இல்லை.

இப்படியாக, ஒரு மனுஷனின் பிடிவாதத்தால் இன்னொரு பிடிவாதக்காரனுக்கு மாதத்தில் ஒரு நாள் மகளைப் பார்க்கக் கொடுத்து வைத்தது.

பிடிவாதம் என்றால் அப்படி இப்படியல்ல. சீனித்தாய் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனாள். பெண் பிறந்தது. பேர் வைக்கிற அன்றைக்கு இசக்கியப்பனின் அக்கா திருச்செந்தூரிலிருந்து வந்தாள். வெற்றிலைத் தட்டை அவளுக்கு முதலில் நீட்டாமல் வேறு யாருக்கோ நீட்டிவிட்டார்கள். அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தம்பியும் கூடவே எழுந்தான். அவர்கள் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இவன் இருந்தான். பெற்றவன் தானே வந்து கூட்டிப் போகட்டும் என்று அவர்கள் இருந்தார்கள். பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, எழுந்து நடந்தது. ஒருவழியாக இவன் போய் நின்றபோது சீனித்தாயின் அண்ணன் வாசலில் நின்றபடி, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்று கேட்டான். அவ்வளவுதான். "இனி இந்த நடையை மிதிச்சா நான் ஒரு அப்பனுக்குப் பொறக்கல" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுத் திரும்பியவன்தான். உள்ளே அடுப்படியில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு சீனித்தாய் புறப்படத் தயாராக இருந்தாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அந்த அக்காவோ அதற்குப் பிறகு தம்பி இருக்கிறானா செத்தானா என்று எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது. போயும் போயும் ஒரு வெற்றிலைத் தட்டு.

அதற்குப் பிறகு அவன் தனி ஆள். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு அறை. காலையும் இரவும் கிளப்புக் கடையில் சாப்பாடு, மத்தியானம் துறைமுகத்திலேயே. ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு ஆகாது. வேலை இருக்காது, பக்கத்து வீடுகளில் கறி வேகும் வாசனை வரும், பிள்ளைகள் தெருவில் கத்தும். அவன் துறைமுகப் பாலத்தோரம் போய் உட்கார்ந்து, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பார்ப்பான். அவற்றிலிருந்து சரக்கு இறக்கி வரும் தோணிகளைப் பார்ப்பான். இருட்டுவதற்கு முன்னால் அறைக்குத் திரும்பிவிடுவான். ஒரு ஞாயிறு முழுக்க யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை என்பது திங்கட்கிழமை காலை டீக் கடையில் வாயைத் திறக்கும்போது குரல் கட்டியிருப்பதை வைத்துத்தான் அவனுக்கே தெரியும்.

முதல் தடவை ஆபீசுக்கு வந்தபோது செல்லத்தாய் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இசக்கியப்பன் ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றான். தனராஜ் அவசரப்படுத்தவில்லை. மற்றவர்கள் சம்பளத்துக்கு வரிசையில் நிற்க, ஹெட் கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தச் சின்னக் கை வெளியே வரும் வரைக்கும் காத்திருந்தார். அது வந்தது. அவன் வைத்தான். அது மூடிக்கொண்டது. அந்த நேரத்தில் விரல் பட்டது. அறைக்குப் போய் அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. பசி என்ற நினைப்பே வரவில்லை.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அவன் மகளை அறிந்ததெல்லாம் கையை வைத்துத்தான். முகத்தைப் பார்க்கக் கூச்சம். சீனித்தாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்; அவள் பக்கம் பார்க்க இன்னும் கூச்சம். பல்பத் தூசி இருந்த கையில் பிறகு மை ஏறியது. ஒரு வருஷம் மருதாணி. ஒரு தடவை கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"ஏளா, கையில என்ன?" என்று கேட்டுவிட்டான். எப்படி வாய் வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை.

"முள்ளு" என்றாள் செல்லத்தாய்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவன் அந்த மாதத்தை ஓட்டினான். என்ன முள், உடைமுள்ளா கள்ளிமுள்ளா, எடுத்தார்களா, சீழ் வைத்ததா என்று வின்ச் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே யோசிப்பான். மேஸ்திரி கையைக் காட்டிக் கத்துவது காதில் விழாமல் இரண்டொரு தடவை திட்டு வாங்கினான். அடுத்த மாதம் துணி இல்லை, தழும்பு மட்டும் இருந்தது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

எழுபத்தொன்பதில் பழைய துறைமுகத்தைப் புதுத் துறைமுகத்தோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு உறுதியானது. இனி எல்லாம் ஒரே பொறுப்புக் கழகத்தின் கீழ். ஊரில் யாருக்கும் அந்த நீளமான பேர் வாயில் நுழையவில்லை, டிரஸ்ட் என்றார்கள். மத்திய அரசு சம்பளம், ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ் என்று துறைமுகத்தில் எல்லார் முகத்திலும் களை. பெண் கொடுக்கத் தயங்கியவர்கள் எல்லாம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இசக்கியப்பனுக்கும் சந்தோஷம்தான், தனராஜ் கூப்பிட்டு அனுப்பும் வரைக்கும்.

"ஏலே இசக்கி, இங்கன உக்காரு" என்றார் அவர். "கோர்ட்டு பிடித்தம் எல்லாத்தையும் டிரஸ்ட்டுக்கு மாத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. அடுத்த மாசத்துல இருந்து உம் பிள்ளை பணத்துக்கு நாம பொறுப்பு இல்ல. அங்க உள்ள கணக்குப் பிரிவு பாத்துக்கிடும்."

"நீங்க அங்க வரலையா சார்?"

"எனக்கு ரிடையர்மெண்டு வந்துட்டு. ஊருக்குப் போயி தோட்டத்தைப் பாக்கணும்."

"அங்கயும் பிள்ளை வரும்லா சார்?"

தனராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வராதுடே. மணியார்டர்ல நேரா அவுக வீட்டுக்குப் போயிரும். சின்னப் பிள்ளைய ஆபீசு ஆபீசா அலைய விடக் கூடாதுன்னு எழுதியிருக்கான். நல்லதுக்குத்தான் எழுதியிருக்கான். நான் என்ன செய்ய?"

மறுநாள் இசக்கியப்பன் லீவு போட்டுவிட்டுப் புதுத் துறைமுகத்துக்கு பஸ் ஏறினான். இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. டிரஸ்ட் ஆபீசில் கணக்கு அதிகாரி மெட்ராஸ்காரர், இளவயசு. உட்காரச் சொன்னார். இவன் உட்காரவில்லை.

"பிள்ளைக்குள்ள பணத்தை நான் கையில குடுத்திருதேன்யா" என்றான்.

"நீங்க ஏன் சிரமப்படணும்? இனிமே நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். நாங்களே பிடிச்சு நாங்களே அனுப்பிடுவோம். அவங்க வந்து நிக்கறது, நாலு பேர் பார்க்கறது, அந்தச் சங்கடமெல்லாம் உங்களுக்கு இனி கிடையாது."

அந்த மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்தச் சங்கடத்துக்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று இவன் சொல்லியிருக்கலாம். எனக்கு மகளைப் பார்க்க வேண்டும் என்ற மூன்று நாலு சொல் போதும். ஆனால் கேட்பது என்பது அவனுக்குப் பிறவியிலேயே வராத காரியம். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தான். ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் போய்ப் பார்த்தான். பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு மனுப் போடலாம் என்றார் அவர். போட்டால் அந்த மைத்துனன் கூண்டிலேறி என்னென்ன சொல்வானோ, அதையெல்லாம் செல்லத்தாய் நின்று கேட்பாளோ என்று நினைத்துப் பார்த்தான். வேண்டாம் என்றான். முத்தையாபுரத்து வாசலுக்குப் போகலாம்தான். அங்கே அவன் சொல்லிவிட்டு வந்த சொல் குறுக்கே படுத்துக் கிடந்தது.

பழைய ஆட்கள் டிரஸ்டில் சேர விருப்பம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விருப்பமில்லாதவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம். எல்லாரும் முண்டியடித்து எழுதிக் கொடுத்தார்கள். கடைசி நாளன்று இசக்கியப்பன் விருப்பமில்லை என்று எழுதிக் கொண்டுவந்தான்.

தனராஜ் அதைப் படித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்காலே? ஊரே இந்த வேலைக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுது."

"டிரஸ்ட்டுல இருந்தா பணம் தானாப் போயிரும் சார். வேலையில இல்லேன்னா நான்தான் கொண்டுபோயிக் குடுக்கணும்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

தனராஜுக்கு அப்போதுதான் விளங்கியது. தாம் ஏதோ ஒரு மோசடியைத் தடுப்பதற்காகப் போட்ட சட்டத்தில் இப்படி ஒருவன் குடியிருந்துவிட்டான் என்பதை அவர் நினைத்தே பார்த்ததில்லை. நாளைக்கு வரை யோசி என்றார். நாளைக்கும் இதையேதான் சொல்வேன் என்றான். அவர் அந்தத் தாளைக் கோப்பில் வைத்தார்.

தோணிகளுக்கு வின்ச் பழுது பார்க்கும் நயினாரின் பட்டறையில் அவன் தினக்கூலிக்குச் சேர்ந்தான். வேலை நிரந்தரமில்லை. ஊர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. வக்கீல் குமாஸ்தா மூலமாகச் சீனித்தாய்க்குச் சொல்லி அனுப்பினான். நான் இப்போது ஆபீசில் இல்லை. இனிமேல் மாதாமாதம் கோர்ட் வராந்தாவில் வைத்துப் பணத்தைக் கொடுப்பேன். முன் மாதிரியே பிள்ளை வந்தாக வேண்டும், பிள்ளை கையில்தான் கொடுப்பேன். பிள்ளைக்கு அன்றைக்குப் பரீட்சை என்று பதில் வந்தது. பிள்ளை வந்தால்தான் பணம் என்று மறுபடியும் சொல்லி அனுப்பினான். எடுத்த பிடியை விடுகிற ஆளா அவன்.

பணம் கொடுக்கும் நாளன்று காலையிலிருந்தே அவன் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை. சுற்றிலும் வாய்தாவுக்கு வந்தவர்கள், போலீஸ்காரர்கள், கைவிலங்கோடு இரண்டு பேர். உச்சி வெயிலில் சீனித்தாய் வந்தாள். பின்னால் செல்லத்தாய், பள்ளிக்கூட யூனிபாரத்தில், ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு. ஒரு மாதம் பார்க்காததில் வளர்ந்துவிட்ட மாதிரி அவனுக்குத் தோன்றியது. எழுந்து நின்றான்.

பணத்தை எடுத்து நீட்டினான். செல்லத்தாய் கையை நீட்டவில்லை. யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கைவிலங்கைப் பார்த்தாள். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இனிமே இங்கனயா வரணும்?"

அவன் கையிலிருந்த பணத்தைப் பார்த்தான்.

"மணியார்டர் வரும்னு அம்மா சொன்னா. எங்க கிளாசுல மெட்டில்டான்னு ஒருத்தி இருக்கா. அவ அப்பா கப்பல்ல இருக்காவ. மாசா மாசம் தபால்காரர் அவ வீட்டு வாசல்ல வந்து நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. எனக்கும் வரும்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். எங்க அப்பா டிரஸ்ட்டுல இருக்காவ, வேலை சாஸ்தி, வீட்டுக்கு வர முடியாது, அதான் மணியார்டர் போடுவாவன்னு சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "முன்ன ஆபீசுக்கு வரும்போது, பணம் வாங்கப் போறா பணம் வாங்கப் போறான்னு கேலி பண்ணுவாளுவ. இப்பம் கோர்ட்டுக்குப் போறான்னு சொல்லுவாளுவ."

அத்தனை வருஷமும் இசக்கியப்பன் நாளை எண்ணிக் காத்திருந்த நாள் ஒன்று உண்டு. அதே நாளை அந்தப் பிள்ளையும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், பயந்துகொண்டு. மாதாமாதம் அவள் நீட்டிய கையில் மையைத் தேடினான், மருதாணியைத் தேடினான், முள் குத்திய தழும்பைத் தேடினான். அந்தக் கை கூசியதை மட்டும் அவன் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வர முடியாத அளவுக்கு வேலையுள்ள, மதிப்பான ஒரு அப்பாவை அவளே தனியாக உட்கார்ந்து உண்டாக்கி வைத்திருந்தாள். அந்த அப்பாவைத்தான் இவன் விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

"டிரஸ்ட்டுலதான இருக்கிய?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

"ஆமா" என்றான். "புது ஆபீசுல்லா, கொஞ்சம் தாமதமாயிட்டு. அடுத்த மாசத்துல இருந்து மணியார்டர் வரும். நீ எங்கயும் வர வேண்டாம்."

அவள் முகம் தெளிந்தது. கையை நீட்டினாள். அவன் பணத்தை வைத்தான். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மத்தியானப் பரீட்சைக்காவது போய்விடலாம் என்று வாசல் பக்கம் ஓடினாள். ஓடுகிறவள் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பாள் என்று இவன் நின்றான். பரீட்சை அவசரம், அவள் திரும்பவில்லை.

சீனித்தாய் உடனே போகவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "வேலைய விட்டுட்டியன்னு எனக்குத் தெரியும். அவட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அவன் தலையாட்டினான். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டது அதுதான்.

அதற்குப் பிறகு இசக்கியப்பன் மகளைப் பார்க்கவில்லை. பட்டறையில் கூலி வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. மணியார்டர் மட்டும் தவறியதில்லை. பட்டறைக்கு எதிர்ச்சாரியிலேயே ஒரு தபாலாபீஸ் இருந்தது. அங்கே போக மாட்டான். மணியார்டர் தாளில் எந்தத் தபாலாபீஸ் முத்திரை விழுந்திருக்கிறது என்று படிக்கத் தெரிந்த பிள்ளை அவள். பார்ப்பாள், மெட்டில்டாவுக்கும் காட்டுவாள். நயினாரிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு, கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் புதுத் துறைமுகத்துக்குப் போவான். டிரஸ்ட் ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் தபாலாபீசில் வரிசையில் நிற்பான். முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் பழைய கூட்டாளிகள். இப்போது காக்கிச் சட்டையில் டிரஸ்ட் அடையாளம் குத்தியிருப்பார்கள். இவனைப் பார்த்துவிட்டு என்ன பேசுவதென்று தெரியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஒரு நாள் அங்கே புதிதாக வந்திருந்த குமாஸ்தா தாளை வாங்கிப் பார்த்தான். அனுப்புகிறவர் விலாசம் டவுன். போய்ச் சேருவது முத்தையாபுரம்.

"டவுன்லயே போட்டிருக்கலாமே அண்ணாச்சி. ஏன் இந்த வெயில்ல இம்புட்டு தூரம் வாரிய?"

"இங்கனதான் எனக்கு வேலை" என்றான் இசக்கியப்பன்.